பொலினாவோவுக்கு எது பொருந்தும்: ஆலையா, மீன்கூண்டா, விடுதியா, காப்புக்கடலா?

“கடலோர ஊர் ஒன்றுக்கு வளர்ச்சித் திட்டம் எழுதுகிறோம். தொழிற்சாலை, மீன்பண்ணை, சுற்றுலா, கடல் காப்பு, இந்த நாலில் எதை முன்னால் வைப்பது?” திட்டமிடல் படிக்கும் மாணவர்களும் கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்ப்பவர்களும் இதையே வேறு வேறு வார்த்தைகளில் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். எந்த ஊர் என்று சொல்லாமல் கேட்டால் பதில் கிடையாது. அதனால் நானே ஓர் ஊரை எடுத்துக்கொள்கிறேன். பிலிப்பைன்ஸின் பங்கசினான் மாகாணத்தில் இருக்கும் பொலினாவோ. அந்த நாலு யோசனையும் அதே ஊரின் வாசலுக்கு வந்தன. ஒன்றைத் திருப்பி அனுப்பினார்கள். ஒன்றை அளவு தெரியாமல் விட்டுச் சூடுபட்டார்கள். மற்ற இரண்டும் இன்றும் ஓடுகின்றன. ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட நல்ல ஊர் எனக்குத் தெரியாது.

## ஊரும் அதன் ஏடும்

லூசோன் தீவின் மேற்குக் கரையில், லிங்காயென் வளைகுடாவின் வாயில் மூக்கை நீட்டிக்கொண்டு நிற்கும் முனைதான் பொலினாவோ. மணிலாவிலிருந்து சுமார் 280 கிலோமீட்டர். மக்கள்தொகை 80 ஆயிரத்துக்கு மேல். 30 பராங்கைகள், பராங்கை என்பது நம் ஊராட்சி வார்டுக்கும் கிராமத்துக்கும் நடுவில் நிற்கும் ஓர் அலகு, அதற்கும் தேர்தல் உண்டு. தரை முழுக்கச் சுண்ணாம்புப் பாறை. எதிரே சந்தியாகோ தீவு, அதைச் சுற்றிப் பவளத்திட்டும் கடற்புல்லும். ஊருக்கென்று பொலினாவோ என்ற பெயரிலேயே தனி மொழி இருக்கிறது. தெருவில் இலோகானோவும் காதில் விழும். 1905இல் கட்டிய கலங்கரை விளக்கம் ஒன்று, பிலிப்பைன்ஸ் பல்கலைக்கழகத்தின் கடல் ஆய்வுக்கூடம் ஒன்று. இந்த இரண்டாவது இல்லையென்றால் கீழே வரும் எண்கள் பாதி கிடைத்திருக்காது.

முனிசிபாலிட்டி என்றதும் நம்மூர் நகராட்சியை நினைத்துக்கொள்ளாதீர்கள். மேயரும் மன்றமும் உள்ள, நகரமும் கிராமமும் கலந்த ஒரு வட்டாரம் அது. 1991இன் உள்ளாட்சிச் சட்டமும் 1998இன் மீன்வளச் சட்டமும் கரையிலிருந்து 15 கிலோமீட்டர் வரையுள்ள கடலை அதன் கையில் கொடுத்தன. நம் ஊராட்சி மன்றத்துக்குக் கடலில் ஒரு முழம்கூடச் சொந்தம் கிடையாது. அங்கே மேயர் கையெழுத்துப் போட்டால் கடலில் கூண்டு வைக்கலாம்; போடாவிட்டால் முடியாது. மூன்று டன்னுக்கு மேற்பட்ட மீன்பிடிப் படகுகள் அந்த 15 கிலோமீட்டருக்குள் மீன் பிடிக்கக் கூடாது என்பதுதான் பொது விதி. 2024இல் உச்ச நீதிமன்றப் பிரிவு ஒன்று இந்த விதிக்கு எதிரான கீழ்நீதிமன்றத் தீர்ப்பை நிலைநிறுத்த, சிறுமீனவர் அமைப்புகள் கொதித்துப் போயின. அது தனிக் கதை.

திட்டம் எழுதும் அலுவலர் முதலில் தயாரிப்பது ஊரின் விவரக்குறிப்பு. எத்தனை வீடு, எத்தனை பள்ளி, எத்தனை ஹெக்டேர் நெல் என்று பக்கம் பக்கமாக இருக்கும். இப்படி எந்த ஊரின் ஏடு கிடைத்தாலும் கடல் அதில் எங்கே வருகிறது என்றுதான் நான் முதலில் தேடுவேன். பெரும்பாலும் ஒரு வரைபடத்தில் நீல நிறமாக வரும், அவ்வளவுதான். இதற்குப் பண ரீதியான காரணம் ஒன்று உண்டு. மத்திய வரிகளில் உள்ளாட்சிகளுக்கு வரும் பங்கை முனிசிபாலிட்டிகளுக்குள் பிரிக்கும்போது பாதி மக்கள்தொகைப்படியும், கால்வாசி நிலப்பரப்புப்படியும், கால்வாசி சமமாகவும் பிரிக்கிறார்கள். நிலப்பரப்புக்குக் காசு உண்டு, நீர்ப்பரப்புக்குக் கிடையாது. 15 கிலோமீட்டர் கடலைக் காவல் காக்கும் ஊருக்கு அந்தக் கடலுக்காக ஒரு பேசோகூடக் கூடுதலாக வருவதில்லை. எனவே கடலில் காசு பார்க்க வேண்டுமானால் யாருக்காவது உரிமம் கொடுத்தாக வேண்டும். இந்த ஆசைதான் கீழே வரும் கதை முழுவதையும் பின்னாலிருந்து ஓட்டுகிறது.

## எதை வைத்து எடை போடுவது

வருமானம் எவ்வளவு என்பதைத்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். நான் அதைக் கொஞ்சம் பிரித்துக் கேட்பேன்: காசு யார் கைக்குப் போகிறது? முனிசிபாலிட்டி கஜானாவுக்கா, மீனவர் வீட்டுக்கா, மணிலாவில் இருக்கும் முதலாளிக்கா? மூன்றும் வெவ்வேறு.

அடுத்தது, தப்பாகப் போனால் திரும்பி வர முடியுமா? கூண்டைக் கழற்றலாம். வெட்டிய மலையை ஒட்ட வைக்க முடியாது.

புயல் மூன்றாவது. 2009 மே மாதம் வந்த எமோங் புயல் இந்த முனையை நேராகத் தாக்கியது. பத்து ஆண்டுத் திட்டத்தில் ஒரு பெரும்புயலாவது வரும் என்று வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

நான்காவது தேர்தல். நிலப் பயன்பாட்டுத் திட்டம் ஒன்பது பத்து ஆண்டுக்கு. மேயரின் பதவிக்காலம் மூன்றே ஆண்டு, தொடர்ந்து மூன்று முறைக்கு மேல் நிற்க முடியாது. எந்தத் தொழில் முதல் மூன்று ஆண்டிலேயே ரிப்பன் வெட்டக் கொடுக்கிறதோ அதற்குத்தான் மன்றத்தில் மவுசு.

கடைசியாக ஒன்று இருக்கிறது. என்னைக் கேட்டால் மற்ற நாலையும் சேர்த்து வைத்தாலும் இதுதான் கனம்: “இத்தோடு போதும்” என்று நிறுத்தும் சக்தி ஊருக்கு இருக்கிறதா? சட்டத்தில் அதிகாரம் இருப்பது வேறு, நடுக்கடலில் போய் நிறுத்துவது வேறு.

## ஒன்று: ஆலை

1990களின் நடுவில் தைவான் முதலீட்டோடு ஒரு கூட்டமைப்பு வந்தது. சிமெண்ட் ஆலை, சுண்ணாம்புக்கல் குவாரி, மின்நிலையம், கப்பல் துறை எல்லாம் சேர்ந்த பெரிய வளாகம். ஊரில் கல்லுக்குப் பஞ்சமில்லை, பக்கத்திலேயே கடல். காகிதத்தில் பார்த்தால் இதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது. அப்போதைய குடியரசுத் தலைவர் ஃபிடெல் ராமோஸ் இதே மாகாணத்தில் பிறந்தவர்; தொழில்மயம் என்பதுதான் அவர் ஆட்சியின் முழக்கம். ஊர்க்காரர்கள், பாதிரியார்கள், ஆசிரியர்கள், கடல் ஆய்வுக்கூட விஞ்ஞானிகள் என்று ஒரு கூட்டணி எதிர்த்து நின்றது. கடைசியில் 1996 ஆகஸ்டில் சுற்றுச்சூழல் துறை இசைவுச் சான்று கிடையாது என்று முடிவாகச் சொல்லிவிட்டது. பவளத்திட்டுக்கு வரும் கேடு, நிலத்துக்கும் நீருக்கும் போட்டி, மக்கள் ஏற்காதது ஆகியவை காரணங்கள்.

காசுக் கணக்கைப் பார்ப்போம். ஆலை கட்டும் சொத்துவரியில் மாகாணத்துக்கு 35 விழுக்காடு, முனிசிபாலிட்டிக்கு 40, ஆலை இருக்கும் பராங்கைக்கு 25. தலைமை அலுவலகம் மணிலாவில் இருந்தால், விற்பனைக்கான வணிக வரியின் கணக்கில் 30 விழுக்காடு அங்கே போய்விடும், 70 இங்கே. பரவாயில்லைதான். கஜானாவுக்கு இதைவிடப் பெரிய ஒற்றை வரவு வேறு எந்தத் தொழிலிலும் கிடைக்காது. இதை ஆலை எதிர்ப்பாளர்கள் ஒப்புக்கொள்ள மறுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

மறைந்த செலவு வேறிடத்தில். சுண்ணாம்புத் தரையில் மழைநீர் பாறை இடுக்கு வழியாக இறங்கித்தான் கிணற்றுக்கு வருகிறது. அந்தப் பாறையையே வெட்டி எடுத்தால் கிணற்றுக்கு என்ன ஆகும்? குவாரிப் புழுதியும் துறைமுகம் தோண்டிய சேறும் பவளத்தின் மேல் படிந்தால் யாரும் போய்த் துடைக்க முடியாது. வேலை? கட்டுமானம் நடக்கும் வரை ஊராருக்கு இருக்கும். ஓட ஆரம்பித்தபின் வலை பின்னத் தெரிந்தவனை யாரும் கட்டுப்பாட்டு அறையில் உட்கார வைப்பதில்லை.

அப்படியானால் ஆலை எங்குமே கூடாதா? அதே மாகாணத்தில், அதே வளைகுடாவில் சுவால் என்ற முனிசிபாலிட்டி இருக்கிறது. ஆழமான இயற்கைத் துறைமுகம். 1999இலிருந்து 1,200 மெகாவாட் நிலக்கரி மின்நிலையம் அங்கே ஓடுகிறது. மின்நிலையம் இருக்கும் ஊர்களுக்கென்று ஒரு யூனிட்டுக்கு ஒரு சென்டாவோ (பேசோவில் நூறில் ஒரு பங்கு) ஒதுக்கும் விதி நாட்டில் உண்டு; 100 கோடி யூனிட் விற்றால் ஒரு கோடி பேசோ. அதையும் நினைத்தபடி செலவழிக்க முடியாது, மின்வசதி, வாழ்வாதாரம், காடு வளர்ப்பு என்று தலைப்புப் போட்டுத்தான் வரும். அதன்மேல் சொத்துவரி. ஏழை ஊரான சுவாலுக்கு இது பெரிய ஏற்றம். ஆனால் ஒரே வரிதாரரை நம்பிய ஊர், அந்த ஒருவரின் தும்மலுக்கும் நடுங்க வேண்டும். 2020இல் எரிசக்தித் துறை புதிய நிலக்கரி நிலையங்களுக்குத் தடை போட்டுவிட்டது. இன்னொரு ஊர் இனி சுவாலின் வழியைப் பின்பற்ற முடியாது.

ஆழ்துறை இருந்து, பவளமும் கடற்புல்லும் குறைவாக இருந்து, மீன்பிடியை நம்பிய குடும்பங்கள் கொஞ்சமாக இருந்தால் ஆலை நல்ல தேர்வுதான். பொலினாவோவில் இந்த மூன்றில் ஒன்றுகூட இல்லை.

## இரண்டு: மீன்கூண்டு

ஆலையைத் துரத்திய அதே ஆண்டுகளில், சத்தமில்லாமல் கூண்டுகள் வந்து இறங்கின. பங்குஸ் என்று அங்கே சொல்லும் பால்மீன். நம் கடற்கரையில் பால்கெண்டை. பிலிப்பைன்ஸில் இது வெறும் மீன் அல்ல, காலைச் சாப்பாடு. பொலினாவோவுக்கும் அண்டை ஊரான அந்தாவுக்கும் நடுவில் ஓடும் குறுகிய, ஆழம் குறைந்த கால்வாய்களில் மூங்கிலும் வலையும் கட்டி வளர்த்தார்கள். அலை இல்லாத இடம், கரைக்குப் பக்கம், படகு போக வர வசதி. கூண்டு வைப்பவருக்கு வசதியான இந்த மூன்றுமே மீனுக்கு எமனாக முடிந்தன.

கூண்டின் வேலை முறையைக் கிட்டப் போய்ப் பார்த்தால் புரியும். வலைக்கு மேல் ஒரு மூங்கில் தட்டு, அதில் ஒரு சின்னக் குடில். காவலாள் அங்கேயே தூங்கி அங்கேயே சமைக்கிறான். அவன் எழுந்ததும் செய்யும் முதல் வேலை தீவன மூட்டையைப் பிரித்து வீசுவது. மீன் நீரைக் கொதிக்க வைத்ததுபோல் மேலே வந்து துள்ளும். துள்ளல் அடங்கியபின்னும் கொஞ்சம் கை வீசும். தின்றது, தின்னாதது எல்லாம் வலைக்கண் வழியாகக் கீழே இறங்கும். ஒரு கிலோ மீன் எடுக்க இரண்டு கிலோவுக்கு மேல் தீவனம் போகிறது. ஒரு டன் அறுவடை என்றால் இரண்டு டன்னுக்கு மேல் கடலுக்குள் கொட்டியாயிற்று. வெளியே வந்தது ஒரு டன். மிச்சம் கழிவாகத் தண்ணீரிலும் சேற்றிலும் சேர்கிறது. அது மட்கும்போது தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனைத் தின்கிறது.

இந்த நீர் எவ்வளவு தாங்கும் என்று பார்த்து 544 கூண்டுகள் என்று எல்லை வைத்திருந்தார்கள். நடைமுறையில் அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் போய்விட்டது. 1995க்கும் 2005க்கும் நடுவே அந்த நீரில் அம்மோனியா 56 விழுக்காடு, நைட்ரேட் 90 விழுக்காடு, பாஸ்பேட் 67 விழுக்காடு கூடியதை ஆய்வுக்கூடம் அளந்து வைத்திருக்கிறது. எண்ணிக்கை கூடியதில் இன்னொரு தொந்தரவும் உண்டு: வலைச் சுவர்களே நீரோட்டத்தை மறித்து, பழைய தண்ணீர் வெளியேறும் காலத்தை நீட்டிவிட்டன.

2002 தொடக்கத்தில் விளைவு தெரிந்தது. நுண்பாசி ஒன்று பெருகி நீரின் நிறம் மாறியது; அந்த இனம் அப்படிப் பெருகியதாக பிலிப்பைன்ஸில் பதிவானது அதுதான் முதல்முறை. அதற்குச் சில நாட்கள் முன்பே ஆக்சிஜன் லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்கும் கீழே விழுந்திருந்தது. மீனுக்குச் சௌகரியமாக மூச்சுவிட 5 வேண்டும். இப்படிப்பட்ட சாவு பெரும்பாலும் விடியலில்தான் வரும். இரவெல்லாம் பாசியும் மூச்சு வாங்கி, மிச்ச ஆக்சிஜனும் தீர்ந்திருக்கும் நேரம் அது. ஏற்ற இறக்கம் மந்தமாக இருக்கும் அட்டமி நவமியை ஒட்டிய நாட்களில் ஆபத்து இன்னும் அதிகம். அன்று கூண்டோடு கூண்டாக மீன் வெள்ளை வயிற்றைக் காட்டி மிதந்தது. நஷ்டம் கோடிக்கணக்கான பேசோ. 2010இலும் 2011இலும் மறுபடி நடந்தது.

கஜானா கண்ணால் பாருங்கள்: ஒவ்வொரு கூண்டுக்கும் உரிமக் கட்டணம் வருகிறது. 544க்கு மேல் வரும் ஒவ்வொரு விண்ணப்பமும் வரவு. மறுத்தால் ஓட்டு போகும், கொடுத்தால் காசு வரும். எல்லையை எழுதியவரே அதை மீறுவதால் லாபம் பார்ப்பவராகவும் இருந்தால் எந்த எண்ணும் நிற்காது. கூண்டுகளுக்குப் பணம் போட்டவர்கள் பலர் வெளியூர் முதலாளிகள். ஊராருக்குக் கிடைத்தது காவலாள் கூலி. மீனும் ஊரில் தங்குவதில்லை. பங்கசினானின் பால்மீன் சந்தை தகுபான் நகரத்தில். முள் எடுப்பது, புகையூட்டுவது, பெயர் வாங்குவது எல்லாம் அங்கே. பேர் தகுபானுக்கு, சேறு பொலினாவோவுக்கு.

இத்தனைக்கும் பிறகு கூண்டே வேண்டாம் என்று நான் சொல்லப்போவதில்லை. ஆலையைப்போல் அது திரும்பாத பாதை அல்ல. தண்ணீர் நன்றாகப் போய் வரும் திறந்த இடத்தில், இடைவெளி விட்டு, எண்ணிக்கையை அடக்கி வைத்தால் கூண்டு நல்ல தொழில். ஊர் மீனவர் கூட்டுறவுக்கே உரிமம், முள் எடுக்கும் வேலை ஊர்ப் பெண்களுக்கே என்று வைத்தால் இன்னும் நல்லது. ஆனால் திறந்த கடலில் புயல் அடிக்கும், 2009இல் அடித்தது. புயலுக்கு ஒளிந்தால் மூச்சு முட்டும், மூச்சுக்கு வெளியே வந்தால் புயல் பிய்க்கும். கூண்டுத் தொழிலின் இந்த இக்கட்டைத் தீர்த்த ஊர் எதையும் நான் அறியேன்.

## மூன்று: விடுதி

பாதார் கடற்கரையின் வெண்மணல், கலங்கரை விளக்கம், அருவி, குகைக்குள் நன்னீர்க் குளம். மணிலாக்காரர்கள் வெள்ளி இரவு கிளம்பி ஞாயிறு மாலை திரும்பும் தூரம். சுற்றுலாவுக்கு வேண்டியது எல்லாம் இருக்கிறது. மேயருக்கும் பிடிக்கும்: மூன்றே ஆண்டில் சாலையும் வரவேற்பு வளைவும் கண்ணுக்குத் தெரியும்.

காசு பரவலாகப் பிரியும் என்பது இதன் பலம். அறை வாடகை, ஓட்டல், மூன்று சக்கர வண்டி, கருவாட்டுக் கடை. படகுக்காரருக்கும் ஒரு பங்கு. ஓரங்குட்டி மீனின் குஞ்சை உப்பில் புளிக்கவைத்துச் செய்யும் பதாஸ் பகோங் என்ற உப்புச்சாறு பாட்டிலில் ஏறி மணிலாவுக்குப் போகிறதும் இந்த வழியில்தான். (அந்தக் குஞ்சுகளை அப்படி வாரினால் பெரிய மீன் எங்கிருந்து வரும் என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்வி.)

மறைந்த செலவு கழிப்பறைக்குக் கீழே. அக்லான் மாகாணத்தில் மலாய் என்ற முனிசிபாலிட்டி, அதன் பொராகாய் தீவு உலகப் புகழ். கழிவுநீர் கடலில் கலந்து, கரை விலக்கு எல்லைக்குள் கட்டடங்கள் முளைத்து, கடைசியில் 2018 ஏப்ரல் 26 அன்று தீவையே ஆறு மாதம் பூட்டினார்கள். அக்டோபர் 26இல் திறந்தபோது ஒரு நாளில் 19,215 சுற்றுலாப் பயணிகள் என்று எல்லை வைத்தார்கள். நாட்டின் பணக்காரச் சுற்றுலா ஊர்களில் ஒன்று. அதை நிறுத்தக் குடியரசுத் தலைவரே வர வேண்டியிருந்தது. உள்ளூர் மன்றத்தால் முடியவில்லை. இதைப் படித்துவிட்டுப் பாதாரைப் பாருங்கள்: சுண்ணாம்புத் தரையில் மலக்குழி தோண்டினால், கிணற்றுக்கு இறங்கும் அதே இடுக்கு வழியாகத்தான் அந்த நீரும் போகும்.

இன்னொன்று நிலவிலை. விடுதிக்காரர் விலை கொடுத்து வாங்கிய கரையில் மீனவர் படகை எங்கே இழுத்துப் போடுவார்? இதற்குத் திட்ட ஆவணங்களில் பத்தி ஒதுக்கியதை நான் அபூர்வமாகவே பார்த்திருக்கிறேன்.

கழிவுநீர்க் குழாயும் சுத்திகரிப்பும் முதலில், அறைகள் பிறகு என்று ஒழுங்கு வைக்கும் ஊருக்குச் சுற்றுலா நல்லது. பங்கீட்டைத் தொடக்கத்திலேயே எழுதிவிடும் ஊருக்கும்தான். செபு தீவின் ஓஸ்லோபில் திமிங்கிலச் சுறா பார்க்க வசூலாகும் கட்டணத்தில் 60 விழுக்காடு மீனவர் சங்கத்துக்கு, 30 முனிசிபாலிட்டிக்கு, 10 பராங்கைக்கு என்று பிரித்தார்கள். இரை போட்டுச் சுறாவை வரவழைப்பதை விஞ்ஞானிகள் திட்டுகிறார்கள், திட்டுவது சரி. பங்கீடு மட்டும் காப்பியடிக்கத் தக்கது.

## நான்கு: காப்புக்கடல்

மீன் பிடிக்கக் கூடாத பகுதியை வேலி கட்டாமல் வேலியிடுவது. ஒவ்வொரு முனிசிபாலிட்டியும் தன் கடலோரப் பகுதியில் குறைந்தது 15 விழுக்காட்டை மீன் புகலிடமாக ஒதுக்க வேண்டும் என்று 1998 சட்டமே சொல்கிறது. பொலினாவோவில் பாலிங்காசாய் போன்ற பராங்கைகளில் மீனவர் சங்கங்களே காப்பிடங்களை நடத்துகின்றன. அந்தச் சங்கங்களுக்கு ஒரு கூட்டமைப்பும் உண்டு. ஆலைப் போராட்டம் முடிந்த கையோடு, நிலத்தைப் பிரிப்பதுபோல் கடலையும் வலயங்களாகப் பிரித்துத் திட்டம் எழுதினார்கள்; சுற்றுலாவுக்கு ஒன்று, மீன்பிடிக்கு ஒன்று, கப்பல் வழிக்கு ஒன்று என்று.

இங்கே காப்பு என்பது அழகுக்காக வந்ததல்ல, பட்ட அடியில் வந்தது. கடல் முள்ளெலியின் முட்டைக்கு ஜப்பானில் நல்ல விலை. வாரி வாரி எடுத்து, 1992இல் அந்தத் தொழிலே சுருண்டு விழுந்தது. பிறகு ஆய்வுக்கூடம் குஞ்சு வளர்த்துத் திரும்பக் கடலில் விட்டது. ராட்சதச் சிப்பி இன்னும் மோசம். ஒரு ஆள் கையை விரித்துக் கட்டிப்பிடிக்கும் அளவுக்கு வளரும் அந்த இனம் பிலிப்பைன்ஸ் கடலில் கிட்டத்தட்ட அற்றுப்போக, சாலமன் தீவுகளிலிருந்து வித்து கொண்டுவந்து பொலினாவோவில் வளர்த்தார்கள். எட்கார்தோ கோமெஸ் என்ற கடல் விஞ்ஞானி தலைமையில் நடந்த வேலை அது. இங்கே வளர்ந்த சிப்பிகள் நாட்டின் வேறு பல திட்டுகளுக்கும் போயிருக்கின்றன.

செலவு குறைவு என்று எல்லோரும் சொல்வார்கள். முதல் செலவு குறைவு, உண்மைதான்: நாலு மிதவை, ஒரு அறிவிப்புப் பலகை. ஆனால் பந்தாய் தாகாத் என்கிற கடற்காவலர்கள் இரவு இரண்டு மணிக்குப் படகை எடுக்க டீசல் வேண்டும். பிடித்தவனைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோக நாள் வேண்டும். பிடிபட்டவன் காவலரின் மச்சானாக இருந்தால் வேறொன்றும் வேண்டும். டீசல் ஒதுக்கீட்டை ஒரு மன்றம் வெட்டினால் அடுத்த மாதமே காப்பு காகிதமாகிவிடும்.

யார் இழக்கிறார்கள் என்பதும் பேசப்படாதது. கரைக்குப் பக்கத்தில் மூடினால், இஞ்சின் இல்லாத துடுப்புப் படகுக்காரரும், வற்று நேரத்தில் கூடை எடுத்துச் சிப்பி பொறுக்கும் பெண்களும்தான் முதலில் இழப்பார்கள். இஞ்சின் வைத்திருப்பவர் இன்னும் கொஞ்ச தூரம் போய்ப் பிடித்துக்கொள்வார். மீன் பெருகிக் காப்பிடத்துக்கு வெளியே வழிந்து வரச் சில ஆண்டுகள் ஆகும். அந்த ஆண்டுகளுக்கு அடுப்பு எரிய வழி சொல்லாத திட்டம் அரைத் திட்டம்.

ஜெயித்தால் வரும் சிக்கலும் உண்டு. நெக்ரோஸ் கரையில் தாவின் முனிசிபாலிட்டியின் ஆபோ தீவு, கடல் உயிரியலாளர் ஏஞ்சல் அல்காலாவும் சில்லிமான் பல்கலைக்கழகமும் துணைநிற்க, 1980களில் தீவுக்காரர்களே கட்டிய காப்பிடம். முக்குளிப்பவர்கள் வந்தார்கள், கட்டணம் வந்தது. 1994இல் அது தேசியக் காப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. அதன்பின் வசூலும் முடிவும் தீவின் கையை விட்டு மணிலா விதிகளுக்குள் போயின.

ஊரில் சங்கம் உயிரோடு இருந்தால் காப்பு பலிக்கும். சங்கம் இல்லாத இடத்தில் அறிவித்தால் வெளியூர்த் திருடனுக்கு ஒரு வரைபடம் போட்டுக் கொடுத்த மாதிரி.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | ஆலை | மீன்கூண்டு | விடுதி | காப்புக்கடல் |
|---|---|---|---|---|
| காசு யாருக்கு | கஜானா, கம்பெனி | முதலாளி, கொஞ்சம் கஜானா | கடைக்காரர், நிலக்காரர், படகுக்காரர் | மீனவர், அதுவும் தாமதமாக |
| மறைந்த செலவு | கிணறு, பவளம் | ஆக்சிஜன், சேறு, நீரோட்ட அடைப்பு | கழிவுநீர், நிலவிலை | டீசல், காத்திருக்கும் ஆண்டுகள் |
| திரும்ப முடியுமா | முடியாது | முடியும், நீர் தெளியக் காலம் பிடிக்கும் | பாதி | முடியும் |
| புயல் | தாங்கும் | தாங்காது | அந்தப் பருவம் போகும் | பவளம் அடிபடும், செலவு இல்லை |
| ஊரால் நிறுத்த முடியுமா | வருமுன் மட்டும் | ஏட்டில் முடியும் | கட்டியபின் கடினம் | தினமும் நிறுத்துவதுதான் வேலையே |

## நான் மன்றத்தில் உட்கார்ந்திருந்தால்

அட்டவணையின் கடைசி வரிசையைத்தான் நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். ஆலையை நிறுத்த ஊர் ஒரே ஒரு தடவை திரண்டால் போதுமானதாக இருந்தது; 1996இல் திரண்டது. கூண்டு அப்படி ஒரே நாளில் வரவில்லை. இன்று ஒன்று, நாளை இரண்டு என்று வந்தது. ஒவ்வொன்றுக்கும் தெரிந்த ஒரு முகம் இருந்தது. அவ்வளவு பெரிய ஆலையை எதிர்த்த ஊரால் 545ஆவது கூண்டை எதிர்க்க முடியவில்லை.

அதனால் பொலினாவோ போன்ற ஊருக்கு என் வரிசை இது. காப்பிடமும் கைப்படகு மீன்பிடியும் முதலில். கூண்டு இரண்டாவது, குறுகிய கால்வாய்களை விட்டு வெளியே. எண்ணிக்கையை முடிவுசெய்வது உரிமம் கொடுப்பவர்களாக இருக்கக் கூடாது, ஆய்வுக்கூடமும் மீனவர் மன்றமும் சேர்ந்து சொல்ல வேண்டும். உரிமக் கட்டணத்தைப் பொதுக் கஜானாவில் கலக்காமல் நீர் கண்காணிப்புக்கே கட்டிப்போட்டால், கூண்டைக் கூட்டிக் கஜானாவை நிரப்பும் சபலம் போய்விடும். விடுதி மூன்றாவது, கழிவுநீர் ஏற்பாடு முடிந்தபின். ஆலை வேண்டாம்.

உங்கள் ஊர் வேறு மாதிரி என்றால் வரிசையும் மாறும். ஆழ்துறையும் வெறுங்கரையும் உள்ள ஊர் ஆலையைப் பேசலாம். நீரோட்டம் நல்ல வேகமுள்ள அகன்ற விரிகுடா என்றால் கூண்டு முதலிடத்துக்கே வரலாம். சங்கம் செத்துப்போன ஊர் காப்பிடம் அறிவிப்பதை ஓராண்டு தள்ளிப்போட்டு, முதலில் சங்கத்தைக் கட்டட்டும்.

பணத்துக்கும் ஒரு வழி உண்டு. மத்திய வரிப்பங்கில் 20 விழுக்காட்டை வளர்ச்சிப் பணிக்கு ஒதுக்க வேண்டும் என்பது சட்டம். அதை எதில் போடுவது என்று வளர்ச்சிக் குழு கூடிப் பேசும். எல்லாப் பராங்கைத் தலைவர்களும் அதில் உறுப்பினர்கள், உறுப்பினர்களில் கால்வாசிக்குக் குறையாமல் அரசு சாரா அமைப்பினர். பெரும்பாலும் முதல் கோரிக்கையாக வருவது கான்கிரீட் சாலை, இரண்டாவதும் கான்கிரீட் சாலை. அந்தப் பட்டியலில் இரண்டு சின்ன வரிகளை நுழைக்கப் பார்ப்பேன்: காவல் படகுக்கு ஆண்டு முழுக்க டீசல், விடியற்காலை ஆக்சிஜன் அளக்க ஒரு கையடக்கக் கருவியும், அதைத் தினமும் நாலு மணிக்குத் தண்ணீரில் இறக்க ஓர் ஆளும்.